ஓசூர்ச் சாலையில் துயிலும் தோட்டக்காரர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (தாவரவியல்) மாணவர்

மூக்கண்டப்பள்ளியில் பேருந்து ஏறி ஜூஜூவாடியைக் கடந்தால் கர்நாடக எல்லை வந்துவிடும். அத்திப்பள்ளி, சந்தாபுரம், பொம்மனஹள்ளி என்று நீளும் சாலை, பெங்களூரின் நடுவே கல்லறைத் தோட்டங்கள் அடுத்தடுத்து அமைந்த ஓரிடத்தை அடைகிறது. அங்கேயும் அதற்குப் பெயர் ஓசூர்ச் சாலைதான். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய அச்சாலையின் ஓரத்தில், மெதடிஸ்ட் கல்லறைத் தோட்டத்தில், ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் துயில்கிறார். வேலைக்கும் வைத்தியத்துக்கும் அவ்வழியே சென்று வரும் நம்மவர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் அவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. சென்ற ஆண்டு வரை நானும் அறிந்தேனில்லை.

அவர்தாம் குஸ்டாவ் ஹெர்மன் கிரும்பீகல். பெங்களூர் லால்பாக் பூங்காவை ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் கட்டிக்காத்தவர். அந்நகரத்துக்குப் பூங்கா நகரம் என்னும் பெயர் நிலைக்க உழைத்தவர்களுள் முதன்மையானவர்.

அவர் வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டு வாசலில் ஒரு புங்க மரம் நிற்கிறது. எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் எங்கள் ஊரில் வயல்கள் மனைகளாயின. மனைகள் வாடகை வீடுகளாயின. எங்கள் வாசலிலும் இரண்டு அறைகள் கட்டி, வெளியூரிலிருந்து ஆலை வேலைக்கு வருவோருக்கு வாடகைக்கு விட வேண்டும் என்று அப்பா முடிவு செய்தார். என் படிப்புக்கும் தங்கையின் படிப்புக்கும் அந்த வாடகைதான் வழி. மரத்தை வெட்டுவதற்கு ஆள் பேசியாகிவிட்டது. தாவரவியல் படிக்கும் நான் என்ன சொல்வது? படிப்புக்காக மரத்தை இழப்பதா, மரத்துக்காகப் படிப்பை இழப்பதா? இந்தக் குழப்பத்தோடு இருந்தபோதுதான் எங்கள் துறை மாணவர்கள் லால்பாக்குக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். அங்கே கேள்விப்பட்ட பெயர் என்னை நூலகத்துக்கு இழுத்துச் சென்றது.

பிறப்பும் பயிற்சியும்

கிரும்பீகல் 1865-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள், ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகிலுள்ள லோமன் என்னும் ஊரில் பிறந்தார். அன்று ஜெர்மனி ஒரே நாடாக இணைந்திருக்கவில்லை. அவர் பிறந்தது சாக்சனி அரசில். எல்பே ஆற்றங்கரையில் பில்னிட்ஸ் என்னும் இடத்தில் தோட்டக்கலை பயின்றார்.

பில்னிட்ஸ் அரண்மனைத் தோட்டத்தைப் பற்றி இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். ஜப்பான் நாட்டைத் தாயகமாகக் கொண்ட கமேலியா மரம் ஒன்று 1801-ஆம் ஆண்டு முதல் அத்தோட்டத்தில் திறந்த வெளியில் நிற்கிறது. சாக்சனியின் உறைபனியை அது தாங்காது. எனவே பனிக்காலந்தோறும் அம்மரத்தைச் சுற்றி மரப்பலகைகளால் ஒரு வீடு எழுப்பி, உள்ளே வெப்பமூட்டிக் காத்தார்கள். வசந்தம் வந்ததும் வீட்டைப் பிரித்துவிடுவார்கள். இக்காலத்தில் அதற்குச் சக்கரம் வைத்த கண்ணாடி வீடே உள்ளது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வாசல்தான் நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு மரத்துக்காக வீடு கட்டுகிறார்கள். இங்கே வீட்டுக்காக மரத்தை வெட்டுகிறோம்! ஆயினும் அரசரின் தோட்டமும் தொழிலாளியின் வாசலும் ஒன்றல்ல என்பதையும் மறக்கலாகாது.

பயிற்சிக்குப் பின் கிரும்பீகல் ஷ்வெரீனிலும் ஹாம்பர்க்கிலும் பணியாற்றினார். பிறகு இங்கிலாந்து சென்று இலண்டன் ஹைடு பூங்காவில் மலர்ப்பாத்திகள் அமைத்தார். தொடர்ந்து கியூ தாவரவியல் பூங்காவில் இடம் கிடைத்தது. உலகெங்குமிருந்து செடிகளும் விதைகளும் வந்து சேரும் இடம் அது. ஒரு செடியை அதன் பிறந்த மண், மழை, வெயில் இவற்றோடு சேர்த்து அறிந்துகொள்ள அதைவிடச் சிறந்த பள்ளி அன்று இல்லை.

இந்திய மண்ணில்

1893-ஆம் ஆண்டு, தம் இருபத்தேழாம் வயதில், அவர் இந்தியா வந்தார். பரோடா சமஸ்தானத்தின் பூங்காக்களைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அந்நாளில் பரோடாவை ஆண்டவர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட். பின்னாளில், 1913-ஆம் ஆண்டு, அம்பேத்கர் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயில உதவித்தொகை தந்தது இந்தச் சமஸ்தானமே. கல்வியையும் தோட்டத்தையும் ஒருசேரப் பேணிய அரசில் கிரும்பீகல் பதினான்கு ஆண்டுகள் பணி செய்தார். குஜராத்தின் கோடை வெயிலில் எது வாழும், எது வாடும் என்பதை அங்கே கண்டறிந்தார்.

அவர் திறமையைக் கேள்வியுற்ற மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் தம் நாட்டுக்கு அழைத்தார். 1908-ஆம் ஆண்டு லால்பாக்கின் பொறுப்பு கிரும்பீகலிடம் வந்தது.

லால்பாக்கில்

லால்பாக் அவருக்கு முன்பே புகழ் பெற்ற தோட்டம். 1760-ஆம் ஆண்டில் ஐதர் அலி தொடங்கியது. திப்பு சுல்தான் பல நாட்டு விதைகளைத் தருவித்து வளர்த்தது. 1856-இல் அது அரசுத் தாவரவியல் பூங்காவாயிற்று. கிரும்பீகலுக்கு முன் பொறுப்பிலிருந்த ஜான் கேமரன் காலத்தில், 1889-இல், புகழ்பெற்ற கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாம் சௌசௌ என்றும் பெங்களூர்க் கத்தரிக்காய் என்றும் வாங்கிச் சமைக்கும் காயை இப்பகுதிக்கு அறிமுகம் செய்தவரும் கேமரனே. ஆகவே லால்பாக் வெறும் காட்சித் தோட்டமாக என்றும் இருந்ததில்லை. அது ஒரு நாற்றங்காலாகவும் ஆய்வுக்கூடமாகவும் விளங்கியது.

கிரும்பீகல் இம்மரபை மேலும் வளர்த்தார். பிற நாடுகளின் தாவரவியல் பூங்காக்களுக்கு இங்குள்ள விதைகளை அனுப்பினார், அங்குள்ளவற்றைப் பெற்றார். வந்த செடியை உடனே ஊருக்கு வழங்கிவிடாமல், லால்பாக் மண்ணில் பயிரிட்டுப் பார்த்த பின்னரே வெளியே அனுப்புவது தாவரவியல் பூங்காவின் முறை. இன்று நாம் சோதனைச்சாலையில் கற்கும் பொறுமையை அக்காலத் தோட்டக்காரர்கள் பாத்திகளில் கற்றார்கள்.

1912-ஆம் ஆண்டு மைசூர்த் தோட்டக்கலைச் சங்கம் தோன்றுவதற்கு அவர் துணை நின்றார். லால்பாக்கில் தோட்டக்கலைப் பயிற்சிக்கும் வழி செய்தார். அரண்மனைக்கு மட்டுமே உரியதாக இருந்த கலை இவ்வாறு வீட்டு வாசல்களுக்கு வரத் தொடங்கியது. குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி லால்பாக்கில் நடைபெறும் மலர்க்காட்சிகளைக் காண நம் ஓசூரிலிருந்தும் மக்கள் குடும்பத்தோடு செல்வதை அனைவரும் அறிவோம்.

மாதம் ஒரு பூ

கிரும்பீகலின் பெயரை இன்றும் நிலைநிறுத்துவது அவருடைய சாலை மரத் திட்டமாகும். ஒரே காலத்தில் பூக்கும் மரங்களை ஊரெங்கும் நட்டால் ஓரிரு வாரம் ஊர் அழகாக இருக்கும். மற்ற நாளெல்லாம் வெறுமையாகிவிடும். எனவே ஒரு மரம் பூத்து முடியும்போது மற்றொன்று பூக்கத் தொடங்கும்படி, பூக்காலத்தைக் கணக்கிட்டு மரங்களைத் தேர்ந்தெடுத்து நடச் செய்தார். ஆண்டு முழுவதும் நகரத்தின் ஏதேனும் ஒரு தெருவில் ஏதேனும் ஒரு மரம் பூத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

ஆண்டின் தொடக்கத்தில் இளஞ்சிவப்புத் தபேபுயா. அதனை அடுத்து மஞ்சள் தபேபுயாவும் நீல ஜகரந்தாவும். சித்திரை வெயிலில் செம்மயிற்கொன்றையும் சரக்கொன்றையும். கோடை முடிவில் பூமருது. ஐப்பசி கார்த்திகையில் மணம் பரப்பும் மரமல்லி. பெங்களூரில் நடந்து பார்த்தால் இந்த வரிசையை இன்றும் காணலாம்.

இதனை அழகுணர்ச்சி என்று மட்டும் கருதினால் அது குறைபட்ட பார்வையாகும். பூ இருக்கும் வரை தேனீக்கு உணவு உண்டு. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் இருந்தால்தான் தோட்டத்துப் பூசணியும் பாகலும் காய்க்கும். ஆண்டு முழுவதும் பூ என்பது ஆண்டு முழுவதும் உயிர் என்பதாகும். மேலும், பலவகை மரங்கள் கலந்து நின்றால் ஒரு வகையைத் தாக்கும் நோயோ பூச்சியோ ஊர் முழுவதையும் மொட்டையாக்கிவிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. நாற்பது வயதைக் கடந்த ஒருவர் நடும் சாலை மரம் முழு நிழல் தரும்போது நட்டவர் முதுமை எய்தியிருப்பார். தாம் காணப்போகாத நிழலுக்காகக் கணக்குப் போட்டவர் அவர். என்னே அந்தத் தொலைநோக்கு!

திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில் மைசூர் சமஸ்தானத்து நகரங்களை அழகுபடுத்தும் பணிகளிலும் கிரும்பீகலின் கை இருந்தது. கிருஷ்ணராஜ சாகர் அணையின் அடியில் 1927-இல் தொடங்கி 1932-இல் நிறைவுற்ற பிருந்தாவனப் பூங்காவின் அமைப்பிலும் அவர் பங்கு பெரிது.

பகை நாட்டவர்

இத்தகைய மனிதர் வாழ்விலும் ஒரு கசப்பு நேர்ந்தது. உலகப் போர்க் காலத்தில், ஜெர்மனியில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்தால், ஆங்கில அரசு அவரைப் பகை நாட்டவராகக் கருதித் தடுப்பு முகாமில் வைத்தது. எந்த நகரத்துக்கு நிழல் தந்தாரோ அந்த நகரத்திலேயே அவர் அந்நியராக்கப்பட்டார். 1945-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அவர் பிறந்த ஊருக்கு அருகிலிருந்த டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்து சாம்பலாயிற்று.

ஆயினும் அவர் இந்த மண்ணை விட்டுச் செல்லவில்லை. 1932-இல் ஓய்வு பெற்ற பின்னும் பெங்களூரிலேயே வாழ்ந்தார். பூங்கா அமைப்புக்கு ஆலோசனை கூறி வந்தார். அவருக்குப் பின் லால்பாக் பொறுப்பை ஏற்றவர் இந்தியரான எச். சி. ஜவராயா. அவரைத் தொடர்ந்து எம். எச். மரிகௌடா வந்து, தோட்டக்கலையைக் கர்நாடக மாநிலமெங்கும் பரப்பினார். தமக்குப் பின்னும் பணி தொடர வழி வகுத்தவரே உண்மையான ஆசான் அல்லரோ!

1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், கிரும்பீகல் பெங்களூரில் காலமானார். இந்நாட்டில் அவர் கழித்த ஆண்டுகள் அறுபதுக்கும் மேல். பெங்களூரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எதைக் கொள்வது, எதை விடுவது?

பெரியோரைப் போற்றுவதோடு அவர்தம் காலத்தின் எல்லையையும் அறிய வேண்டும். கிரும்பீகல் காலத்தில் அயல்நாட்டுச் செடிகளைக் கொணர்வது சிறப்பாகவே கருதப்பட்டது. அவர் நகரில் பூக்கும் தபேபுயாவும் ஜகரந்தாவும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளைச் சேர்ந்தவை. செம்மயிற்கொன்றை மடகாஸ்கரைச் சேர்ந்தது. இவை நடப்பட்ட சாலையிலேயே பெரும்பாலும் நின்றன. எல்லாச் செடியும் அப்படி அடங்கி நிற்பதில்லை.

அழகுச் செடியாக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, இன்று ஓசூர்க் காடுகளிலும் புதர் புதராக மண்டிக் கிடக்கிறது. அது மூடிய இடத்தில் புல் முளைப்பதில்லை. யானைக்கும் மானுக்கும் தீவனம் குறைகிறது. அழகுக்காக வந்த ஆகாயத்தாமரையோ ஏரிகளை மூடுகிறது. ஒருவர் வீட்டுத் தொட்டிக்கு வாங்கும் செடி நாளை ஒரு காட்டின் சுமையாகலாம். ஆதலால் கிரும்பீகலின் கணக்கைக் கொள்வோம். அந்தக் கணக்கில் நம் மண்ணின் மரங்களை வைப்போம்.

அவ்வாறு ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தேன். தை, மாசியில் இலவும் புரசும், பங்குனி, சித்திரையில் புங்கும் வேம்பும், சித்திரை, வைகாசியில் சரக்கொன்றை, அதன்பின் பூமருது, பனி தொடங்கும் முன் மரமல்லி. இவற்றுள் எதற்கும் நாள்தோறும் குழாய்த் தண்ணீர் பிடித்து ஊற்ற வேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று கோடைகள் காப்பாற்றினால் போதும். பிறகு மழையே பார்த்துக்கொள்ளும்.

எங்கள் வாசல்

இனி, தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் புங்கனுக்குப் பெயர் மூன்று. தமிழில் புங்கு, கன்னடத்தில் ஹொங்கே, தெலுங்கில் கானுக. எல்லைப்புறத்து மூன்று மொழிக்காரர்களும் தமக்குரியதென்று பெயரிட்டு அழைத்த மரம் அது. அது அவரைக் குடும்பத்து மரம். வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்றதாக மாற்றித் தருகின்றன. தழை வயலுக்கு உரம், விதை எண்ணெய் விளக்குக்கு உதவியது, பிண்ணாக்கும் எருவாகும். இவற்றையெல்லாம் பாடநூலில் படித்த நான், வீட்டில் எடுத்துச் சொல்லக் கூச்சப்பட்டேன். கல்லூரிக்குச் சென்றவன் பெற்றோருக்குப் பாடம் நடத்துகிறான் என்று ஆகிவிடுமோ என்ற தயக்கம்.

ஆனால் கணக்கை அப்பா மதிப்பார். எனவே கணக்காகவே சொன்னேன். நூறு சதுர மீட்டர் பரப்பில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1000 லிட்டர் நீர். வாசல் முழுவதும் சிமெண்டு பூசினால் அந்நீர் சாக்கடைக்குப் போகும். மண்ணாக விட்டால் பெரும்பகுதி நிலத்துக்குள் இறங்கும். கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றி, லாரித் தண்ணீருக்கு நாங்கள் கொடுத்த பணத்தை அம்மா நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டையும் எடுத்து வைத்தேன். மேற்குப் பக்கம் நிற்கும் அந்த மரம் போனால், தகரக் கூரை போட்ட அறையில் பிற்பகலில் யார் தங்குவார்கள் என்றும் கேட்டேன்.

அப்பா அன்று பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் கொத்தனாரை அழைத்து அளவை மாற்றச் சொன்னார். இரண்டு அறைகள் கட்டப்பட்டன. ஒன்று மட்டும் நான்கடி சிறியதாயிற்று. அதன் வாடகையும் சற்றுக் குறைவுதான். அந்தக் குறைவை ஈடு செய்ய நான் விடுமுறை நாட்களில் வேலைக்குச் செல்கிறேன். பின்புறத்து முருங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. கழிவறைக்கு வேறு இடமில்லை. புங்கன் நின்றது. அதன் அடியைச் சுற்றி ஐந்தடிக்கு மண் தரை விட்டிருக்கிறோம். கூரை நீரைக் குழாய் வழியே அங்கே இறக்கியிருக்கிறோம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பாத்திரம் கழுவிய நீர் இரண்டு வாழைக்கும் ஒரு வரிசைக் கல்வாழைக்கும் போகிறது. சருகை எரிப்பதில்லை, குழியில் இட்டு மண் போட்டு மூடுகிறோம். ஆறு மாதத்தில் அது எருவாகிவிட்டது. புதிய குடித்தனக்காரர்கள் மாலையில் அம்மர நிழலில்தான் நாற்காலி போட்டு அமர்கிறார்கள்.

முடிவுரை

கிரும்பீகலுக்கு மன்னர்கள் நிலம் தந்தார்கள். நமக்கு இருப்பது ஐந்தடி மண். எனினும் அவர் கேட்ட கேள்விகள் ஐந்தடிக்கும் பொருந்தும். இந்த மண்ணில் எது வாழும்? எந்த மாதத்தில் பூக்கும்? எனக்குப் பின் இது யாருக்கு நிழலாகும்? இவற்றைக் கேட்டுவிட்டு நட்டால் எந்த வாசலும் தோட்டமே.

நம் கல்லூரியிலும் ஆண்டுதோறும் மரக்கன்று நடுகிறோம். நட்ட நாளன்று எல்லோரும் இருக்கிறோம். அடுத்த கோடையில் ஊற்ற ஆளில்லை. இவ்வாண்டு முதல் எண்ணிக்கையைக் குறைத்து, பூக்காலத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு கன்றையும் ஒரு வகுப்பு மாணவர்கள் மூன்று கோடைகளுக்குப் பொறுப்பேற்கும்படி செய்யலாம் அல்லவா? பட்டம் பெற்று நாம் வெளியேறும்போது அவை நம் தோளுயரம் வளர்ந்திருக்கும்.

அடுத்த முறை பேருந்தில் ஓசூர்ச் சாலை வழியே செல்லும் நண்பர்கள், கல்லறைத் தோட்டங்கள் வரும் இடத்தில் ஒரு கணம் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டுகிறேன். பிறந்த மண் ஒன்று, உழைத்த மண் மற்றொன்று என்றாலும், நட்ட மண்ணையே தம் மண்ணாகக் கொண்ட ஒருவர் அங்கே இருக்கிறார். அவர் வழியில் நாமும் ஆளுக்கொரு மரம் நட்டுக் காப்போமாக!